சுரங்கத்தில் சொன்ன பெயர்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் என் மனைவியை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா', 'ஏம்மா', கோபம் வந்தால் 'அம்மா தாயே'. அவளுக்கு நான் 'என்னாங்க'. அவள் பெயருக்கு என் வாயில் வேலையே வந்ததில்லை, பினாங்குத் தீவின் தென்கோடியில் மலைமேல் இருக்கும் அந்தப் பழைய கோட்டைக்குப் போகும்வரை.

மகள்தான் எங்கள் ஊரான பிறையிலிருந்து கடல் பாலம் தாண்டி எங்களை இழுத்துப் போனாள். வெள்ளைக்காரன் கட்டி, ஜப்பான்காரன் பிடித்து, ஆட்களை அடைத்து வைத்த இடம். இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். தோட்டா துளைத்த சுவரின் முன்னால், குண்டடி பட்டவன் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

"செத்தவங்க இடத்துல விளையாடாதீங்க லா," என்றாள் மனைவி.

"அவங்களும் எவ்வளவு நாளா சும்மா இருக்காங்க, பாவம். கொஞ்சம் சிரிக்கட்டுமே."

கோட்டைக்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதையின் வாசலில் மகள் நின்றுவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கப்பா. உள்ள போனுக்கு லைன் கிடைக்காது."

குனிந்துதான் நடக்கவேண்டும். கைப்பேசி வெளிச்சத்தோடு நான் முன்னால், மனைவி பின்னால். பாதி வழியில் எனக்குக் குறும்பு தலைதூக்கியது. அவளைப் பயமுறுத்த விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அவள் காலடிச் சத்தம் நின்றது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. ஒரு திட்டுகூட இல்லை. அவசரமாக விளக்கைப் போடப் போய், கைப்பேசி நழுவித் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. பதற்றத்தில் என் வாயில் வந்தது, எங்கிருந்து வந்ததோ, அவள் பெயர்.

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். குரல் சுவரில் பட்டு, யாருடையதோ போலத் திரும்பி வந்தது. இங்கே அடைபட்டுக் கிடந்தவர்களும் வீட்டுக்காரி பெயரை இப்படித்தான் கூப்பிட்டிருப்பார்களோ? அவர்களில் யாருக்குப் பதில் கிடைத்திருக்கும்?

அப்போது பக்கத்தில் யாரோ மூச்சை அடக்குவது கேட்டது. இருட்டைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினேன்.

"ஐயா சாமி, சும்மா தமாஷுக்குத்தான் படம் எடுத்தேன், அழிச்சிடறேன்! எனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கு, பிரஷர் இருக்கு. பொண்டாட்டிய மட்டும் குடுத்துருங்க!"

கைக்கெட்டும் தூரத்திலிருந்து குரல் வந்தது. "என்னாங்க... நீங்களா?"

"நான்தான்! கூப்பிட்டேனே, வாயத் திறக்கக் கூடாதா?"

"நீங்க என்னைக்கு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்க? வேற எதுவோ கூப்பிடுதுன்னு வாயைப் பொத்திக்கிட்டேன். இப்படிக் கெஞ்சுறது நீங்களாத்தான் இருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சது."

கையைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தோம். மகளிடம் சொல்வதற்கு, நான் வீரனாக வரும் ஒரு கதையை அதற்குள் தயார் செய்திருந்தேன். மனைவி திரும்பிச் சுரங்க வாயைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை சத்தமா சொல்லிட்டீங்க. இப்ப உள்ள இருக்கிறவங்களுக்கு என் பேரு தெரிஞ்சு போச்சு."

இதற்கு நான் ஒரு ஜோக் சொல்லியிருக்கவேண்டும். அதற்குப் பதில், அவளைச் சுரங்க வாசலிலிருந்து வேகமாகத் தள்ளிக் கூட்டிப்போனேன்.

இப்போதெல்லாம் செபராங் ஜெயா கிளினிக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டால், முதல் அழைப்புக்கு அவள் எழுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானும் 'உன்னைத்தான்' என்று சொல்வதில்லை. கதவருகே நர்ஸ் நிற்கிறாளா, கூப்பிட்டது அவள் உதடுதானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.