நெஞ்சைத் தாண்டாத ரகசியம்

1974 ஜூன் 12, புதன்கிழமை. குளித்து, செய்தித்தாள் படித்துவிட்டு, என் பாகப்பிரிவினை வழக்குக்காகச் செங்கல்பட்டு வக்கீலிடம் போனேன். "இங்க சொல்றது என் நெஞ்சைத் தாண்டாது" என்பது அவர் பெருமை. அவருடைய குமாஸ்தாவோ கட்சிக்காரர்களை வழக்கைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"கோவளம் ஜீவனாம்சம்! உள்ள வாம்மா!"

என் பக்கத்தில் முக்காடிட்டிருந்த பெண் அசையவில்லை. எதிர் பெஞ்சில் இருந்த மீன் வியாபாரி நிமிர்ந்தார். "இன்னாது, நம்ம கோவளமா? யார் வூட்டுப் பொண்ணு?"

"படகுக்காரர் மருமவதான் அண்ணாத்த. புருஷன் மேல கேஸ் போடுது" என்று குமாஸ்தா சிரித்தார்.

"அவரு ஒண்ணும் சொல்லலியே! இன்னிக்கே கேக்குறேன்."

அவள் எழுந்து தெருவில் இறங்கி ஓடினாள். வக்கீல் எட்டிப் பார்த்து, "பயந்தாங்கொள்ளி" என்றார். பயந்தாளாம்! தண்டோரா போட்டது இவர் வாசல்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் போய் என் பத்திரங்களைத் திரும்பக் கேட்டேன். "ஏன்?" என்றார். வராந்தாவில் நின்று, காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி காரணத்தைச் சொன்னேன்.