காணாமல் போன கைத்தாளம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்து, நண்பர் சிவநேசன் என்னிடம் ஒரு திருட்டுப் புகார் கொடுத்தார்.

"என் தாளத்தைத் தூக்கிட்டாங்க லா!"

சிவநேசன் செம்பவாங்வாசி. ஓய்வு பெறும்வரை கப்பல் பட்டறையில் வேலை. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கோயில் பஜனைக் குழுவில் கைத்தாளம் போடுகிறார். அந்தக் குழு பாடியதைத் தர்ஷினி என்ற இளம் பெண் பதிவு செய்து தந்திருக்கிறார். ஒலிப்பதிவுதான் அவர் தொழில்.

பதிவில் ஆர்மோனியம் கேட்கிறது, டோலக் கேட்கிறது. கைத்தாளத்தை மட்டும் காணோம்! சிவநேசன் சும்மா இருப்பாரா? குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்: 'பதிவு சரியில்லை. யாரும் இணையத்தில் ஏற்ற வேண்டாம். என் தாளத்தை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள்.'

தர்ஷினி குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.

எனக்கு வேறொரு சந்தேகம். "பாட்டு உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

வந்த வழி இது. லிங்க் திறக்கத் தெரியாதவர்கள் குழுவில் அதிகம். அதனால் செயலாளர் ஒரு போனில் பாட்டை ஓடவிட்டு, இன்னொரு போனை அதன் பக்கத்தில் வைத்துப் பிடித்து, வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருக்கிறார். எல்லாப் பாட்டும் அங்கே அப்படித்தான் போகுமாம்.

ஒலிக்கோப்பைச் சுருக்குவது என்றால் என்ன? 'இது காதுக்குத் தெரியாது' என்று மென்பொருள் முடிவு செய்வதையெல்லாம் தூக்கி எறிவது. மிதமாகச் சுருக்கினால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. வாய்ஸ் மெசேஜ்போல அளவு மீறிப் பிழிந்தால் முதலில் அடிபடுவது உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய சத்தங்கள்தான். தாளத்தின் 'ணிங்' மங்கி, 'உஸ்' என்று கரைந்துபோகும். போதாததற்கு ப்ளூடூத் இயர்போன் வேறு தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கும்.

குற்றவாளி தர்ஷினி அல்ல, வாய்ஸ் மெசேஜ் — வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். சிவநேசன் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே, புதன்கிழமை இருவரையும் பிடோக்கில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

தர்ஷினி ஒரு சிறிய பிளேயரோடு வந்தார். "சுருக்காத ஃபைல். வயர் இயர்போன். நடுவுல யாரும் கை வைக்கல, அங்கிள். கேளுங்க."

சிவநேசன் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "இதுலயும் இல்லியே."

"அப்ப நான் பொய் சொல்றேனா அங்கிள்?"

"நான் எங்கம்மா சொன்னேன்? உன் மெஷின் சொல்லுது."

இயர்போனை வாங்கி என் காதில் வைத்தேன். ணிங்... ணிங்... ஒவ்வோர் அடியும் துல்லியமாக விழுந்தது. அடுத்து என் மனைவி கேட்டாள். "அண்ணே, தாளம்தான் பாட்டையே இழுத்துக்கிட்டுப் போகுது!"

சிவநேசன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "மூணு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்களா?"

தர்ஷினி தன் போனில் ஒரே சீரான ஒலி ஒன்றை ஓடவிட்டு, அதன் சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே போனார். "சத்தம் நின்னதும் கையைத் தூக்குங்க."

கொஞ்ச நேரத்தில் சிவநேசன் கையைத் தூக்கினார்.

சத்தம் நிற்கவில்லை. எங்களுக்குக் காது கூசிக்கொண்டிருந்தது.

எங்கள் முகங்களைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "தாளம் போடறப்ப கேக்குதேம்மா..." என்றார்.

"விரல்ல அதிரும்ல, அங்கிள்."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். "கப்பல் யார்டுல காதுக்கு அடைப்பான் குடுப்பாங்க. போட்டா, கூட வேலை செய்யறவன் கூப்பிடறது கேக்காது. கழட்டி பாக்கெட்ல வச்சிக்குவேன்."

இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தத்தில் இத்தனை வருடம் நின்ற காது. எந்த மென்பொருளும் கை வைக்கும் முன்பே அது தன் உச்ச ஒலிகளைக் கழித்துவிட்டது... நாமோ கோப்பைச் சந்தேகிக்கிறோம், இயர்போனைச் சந்தேகிக்கிறோம், ஆளையும் சந்தேகிக்கிறோம்.

கிளம்புமுன் சிவநேசன் தர்ஷினியின் எதிரிலேயே குழுவில் எழுதினார்: 'பதிவு நன்றாக இருக்கிறது. குறை என் காதில். தர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரை மறுபடி சேருங்கள்.' லிஃப்ட் வரும்வரை தர்ஷினி அவர் கூடவே நின்றார்.

"வெள்ளிக்கிழமை தாளம் உண்டா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? மத்தவங்களுக்குக் கேக்குதுல்ல!" என்றார். காது டாக்டரைப் பார்க்கவும் சம்மதித்திருக்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அன்று தர்ஷினி அந்த ஒலியை இன்னும் மேலே ஏற்றியபோது, என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அறையில் ஒரே அமைதி.

நானும் பொத்திக்கொண்டேன்!