மெயிலுக்குத் தலையில் ஒரு சக்கரம்

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ஜப்பானில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு முன் இருவரும் மெயிலில் பேசிக்கொள்ளலாம் என்று வீட்டில் பெரிய மனது பண்ணினார்கள். ஆனால் பெண் தனியாகப் பேசிவிடக் கூடாதாம். அதனால் சின்னக் காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டரில், கோயில் கோஷ்டியில் பாசுரம் சொல்லும் என் அப்பா, பஞ்சகச்சத்தோடு பக்கத்து நாற்காலியில் காவல் இருப்பார். வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூட வீட்டுக்குள் விடாத மனிதர்.

முதல் நாளே தகராறு. "தலையில ஸ்ரீ போடாம எழுதினா அது சாவுக் கடுதாசிடி" என்றார். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தே வராது; எல்லாம் ஆங்கிலம்தான். மெயிலில் புதிதாக வந்திருந்த குட்டிப் படங்களைத் திறந்து காட்டினேன். பீர் கோப்பை, பன்றி மூக்கு எல்லாவற்றையும் "நாராயணா, நாராயணா" என்று தாண்டி வந்தவர் ஓரிடத்தில் நின்றார். வெள்ளை வட்டம், ஓரமெல்லாம் பல், நடுவில் ரோஜா நிறச் சுழி.

"சாட்சாத் பெருமாள் கைச் சக்கரம்டி! இதைப் போடு" என்று திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கென்னவோ அது ஜாங்கிரியாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் மெயிலின் தலையில் போட்டேன்.

நாலு மெயில் சக்கரத்தோடு போயின. மாப்பிள்ளையும் மழை, ரயில் என்று ஒப்புக்கு ஏதோ எழுதினார். ஐந்தாவதாக வந்த பதில் மட்டும் நீளம். "நீங்கள் ஒவ்வொரு மெயிலிலும் மீன் துண்டு போட்டு ஜாடை காட்டுவது இப்போதுதான் புரிந்தது. மீனை அரைத்துச் செய்த அந்தச் சுழி வில்லைதான் இங்கே நூடுல்ஸ் கிண்ணத்தில் மிதக்கும். நானும் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இவ்வளவு தைரியமான பெண் கிடைத்தது என் பாக்கியம்."

நல்லவேளை, அப்பாவுக்கு ஆங்கிலம் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான். பெருமாளே முதல் அவதாரத்தை மீனாகத்தானே எடுத்தார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"என்னடி எழுதியிருக்கார்?"

"சக்கரம் ரொம்பப் பிடிச்சிருக்காம்ப்பா."

"பேஷ்! பக்தியுள்ள பிள்ளை."

மழையும் ரயிலும் எழுதிய நல்ல பிள்ளையைவிட இந்தத் திருட்டுப் பிள்ளையை எனக்குப் பிடித்துத் தொலைத்தது. சங்கடமே அதுதான். அவர் நினைத்த தைரியசாலி நான் இல்லை. பேசாமல் ஆமாம் போட்டால் கல்யாணம் நடந்துவிடும். உண்மையைச் சொன்னால் ஆள் பயந்து ஓடிவிடலாம். உண்மையையே எழுதினேன்.

"அது மீன் என்று சத்தியமாகத் தெரியாது. சக்கரம் என்று அப்பா போடச் சொன்னார். நான் மீனைத் தொட மாட்டேன். நீங்கள் சாப்பிடுவதை யாரிடமும் சொல்லவும் மாட்டேன். பாத்திரத்தை மட்டும் நீங்களே தேய்க்க வேண்டும்."

பத்து நாள் பதில் இல்லை. அப்பா கேட்கும்போதெல்லாம், அங்கே நல்ல மழையாம் என்றேன். வாயைக் கொடுத்து நல்ல இடத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று குளியலறையில் அழுதேன். பதினோராம் நாள் இரண்டே வரி வந்தது.

"தனியாக ஒரு வாணலி வாங்கிவிட்டேன். தேய்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்."