யாரோ மூச்சு விட மறந்திருந்தார்கள்

போன செவ்வாய்க்கிழமை ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படியில் கால் வழுக்கியது. இடது கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு, கரண்டி மாதிரி வளைந்திருக்கிறது!

பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பை இழுத்து நேராக்க வேண்டுமாம். மயக்க ஊசி போட வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார்.

"கடைசியா எப்போ சாப்ட்டீங்க?"

"காலைல ஆறு மணிக்கு... ஒரு காபி."

"அப்புறம் எதுனா?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் விடவில்லை. மூன்றாவது முறையும் கேட்டார். வலியில் எனக்கு எரிச்சல். ஜல்தியா முடித்து அனுப்பினால் போதாதா?

அப்போதுதான் கூடவே வந்திருந்த என் மனைவி சுமதி வாயைத் திறந்தாள். "பொய் சொல்லிகினு இருக்காரு டாக்டர். கண்ணமங்கலத்துல பஸ் நின்னப்ப நாலு போண்டா துன்னாரு."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "மயக்கத்துல அந்த போண்டா மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, கையைப் பத்தி அப்புறம் யாரும் கவலைப்பட வேண்டியிருக்காது" என்றார், வெகு சாதாரணமாக. விரல்களில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அட்டை வைத்துக் கட்டி, வலிக்கு ஊசி போட்டு, ஆறு மணி நேரம் காக்க வைத்துவிட்டார்.

சாயங்காலம் டேபிளில் படுத்தேன். விரலில் கிளிப், பக்கத்தில் ஆக்சிஜன். "கெட்டமின்னு ஒரு மயக்க மருந்து போடறேங்க. கண்ணு திறந்தே இருக்கும். ஏதேதோ தெரியும். பயப்படாதீங்க."

ஊசி ஏறியது. சுவர்கள் சத்தமில்லாமல் தள்ளிப் போயின. நான் கூரைக்குப் பக்கத்தில் இருந்தேன். கீழே ஒரு ஆள் கண் திறந்து படுத்திருந்தான். என் சட்டையைப் போட்டிருந்தான். அவன் கையை இருவர் இழுத்தார்கள். அவனுக்கு வலிக்குமே என்று தோன்றியது... எனக்கு வலிக்கவில்லை.

பிறகு ஒரு குரல். "மூச்சு விடுங்க. சார், மூச்சு விடுங்க."

யாரோ மூச்சு விட மறந்துவிட்டார்கள் போல. பாவம் என்று நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது.

கண் விழித்தபோது கை நேராகி, கட்டுப் போட்டிருந்தது. தாடை வலித்தது. கையில்தானே வைத்தியம்? டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"கொஞ்ச நேரம் மூச்சு நின்னுச்சுங்க. சில பேருக்கு அப்படி ஆகும். தாடையைத் தூக்கிப் பிடிச்சி, மாஸ்க் வெச்சி நான்தான் மூச்சு குடுத்தேன்."

"கீழ ஒருத்தர் மூச்சு விடலைன்னு நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் ஊசி போட்டா மட்டும் போதாது. கண்ணெடுக்காம பார்த்துக்கினு ஒரு ஆள் நிக்கணும்" என்றார்.

அன்றைக்கு அந்த அறையில் என் உயிரைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆள்... நான்தான்.