நான் கழுவிய சுவர்

எங்கள் லுத்தரன் சபையின் இளைஞர் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை எங்காவது வெளியூர் போய் ஒரு வாரம் தங்கும். காலையில் வேத வாசிப்பு, பகலில் உடலுழைப்பு, மாலையில் ஜெபம். கடைசி ஞாயிறு அங்கேயே நற்கருணை எடுத்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்புவோம். போன மே மாதம் மட்டாஞ்சேரிக்குப் போனோம். அங்குள்ள சிறிய தமிழ்ச் சபை தங்க இடம் கொடுத்து, மழைக்கு முன்னால் வெள்ளையடிக்க மூன்று வீடுகளையும் காட்டியது.

எனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் கிடைத்தது கால்வாய் ஓரத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. ஒரே அறை. அதில் இருந்த அக்கா இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவர். விரல் நுனிகள் வெந்ததுபோல வெளுத்திருந்தன. கம்பத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர், கணவர் இப்போது இல்லை. ஒரே மகள் மஸ்கட்டில் யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். வியாழக்கிழமை காலை எங்களுக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தார்.

"நல்லா அடிங்க மக்களே. மோளு வந்தா வீடு மாதிரி இருக்கட்டும்."

அவர் போன பிறகு சங்கத் தலைவர் அண்ணன் எங்களை அடுப்படிச் சுவரின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, சபைப் பத்திரிகைக்கு. அதன் பிறகுதான் திரும்பி அந்தச் சுவரைச் சரியாகப் பார்த்தேன்.

அடுப்புக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில், கரிக்கட்டையால் எழுதிய போன் நம்பர்கள். ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம். ஒன்றில் காஸ் சிலிண்டர், ஒன்றில் மீன், ஒன்றில் விமானம். எல்லாவற்றுக்கும் மேலே, மற்றவற்றை விட நீளமான ஒரு நம்பரும் அதன் பக்கத்தில் ஐந்து இதழ் பூவும்.

என்னோடு வந்தவர்களில் ஒரு ஆசிரியரின் மகள் இருந்தாள். பார்த்ததும் சிரித்தாள். "டெலிபோன் டைரக்டரியவே மாட்டி வச்சிருக்காங்கப்பா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு அந்தச் சுவர் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று உண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. மூன்றாம் வகுப்பில் நான் எண்களை எழுதப் பழகிய நாளிலிருந்து அந்தச் சுவரில் எழுதுவது என் வேலை. திருப்பூரில் அப்பா வேலை பார்த்த இடத்துக்கு ஒரு பனியன் படம், சித்திக்கு ஒரு மூக்குத்தி. படத்தைப் பார்த்து அம்மா விரல் வைப்பார், தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு அழுத்தச் சொல்வார். காலேஜ் சேர்ந்த பிறகு ஒரு நண்பனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவன் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு காலண்டரை மாட்டினேன். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது.

ஆகவே, ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. என் போன் தங்கியிருந்த ஹாலில் சார்ஜில் கிடந்தது. ஆசிரியர் மகளிடம் அவள் போனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பாள். சொல்ல வேண்டி வரும். எப்படித் தெரியும் என்பாள்.

"கரி சுண்ணாம்ப மீறித் தெரியும்டா, முதல்ல தேச்சுக் கழுவு" என்றார் அண்ணன். தேங்காய் நாரை நனைத்துக்கொண்டு நான்தான் கழுவினேன். பூ சீக்கிரம் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். வாசலிலேயே நின்று நாலு பக்கமும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார், சுண்ணாம்பு பட்டு எங்கள் கைகள் பொத்துப்போயிருப்பதைப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தார். அப்புறம்தான் சாதாரணமாகக் கேட்டார்.

"நம்பரெல்லாம் எதுல எழுதி வெச்சிருக்கீங்க?"

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "படிச்ச புள்ளைங்கல்லே. எழுதி வெச்சுட்டுத்தானே அடிப்பீங்க?"

பிறகுதான் கதை முழுக்கத் தெரிந்தது. போன மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு உள்ளே வந்து அவருடைய போனும் காகிதங்களும் போய்விட்டன. நனையாதது அந்தச் சுவர் மட்டும்தான். மகளுக்கு வெள்ளிக்கிழமைதான் பேச அனுமதி, அதுவும் இங்கிருந்து கூப்பிட்டால்தான். பக்கத்து அறை வங்காளித் தொழிலாளிதான் சுவரைப் பார்த்துத் தன் போனில் அழுத்திக் கொடுப்பாராம். ஏப்ரலில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை, அவருடைய நம்பரும் அக்காவிடம் இல்லை. கடைசியாகப் பேசியபோது, அந்த வீட்டுக்காரி கை நீட்டுகிறாள், ஏஜெண்டிடம் சொல்லி என்னை மாற்று என்று மகள் அழுதிருக்கிறாள். பாதியில் லைன் போய்விட்டது. பூ போட்டது மகளின் நம்பர், விமானம் போட்டது ஏஜெண்டின் நம்பர். எர்ணாகுளத்தில் இருக்கிறான் என்பதற்கு மேல் அவனைப் பற்றி அக்காவுக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

அண்ணன் உடனே தன் போனில், காலையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆறு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். சிலிண்டர் தெரிகிறது. விமானம் முழுக்க மறைந்துவிட்டது. பூ தெரிகிறது, அதன் நம்பரும் தெரிகிறது, கடைசி நான்கு எண்கள் தவிர. அந்த நான்கும் இருந்த இடத்தில் என் தலை இருந்தது.

ஜெபித்துவிட்டுப் போகலாம் என்றார் அண்ணன். சங்கத்தில் ஜெபம் என்றால் என்னைத்தான் சொல்வார்கள், வார்த்தை தடையில்லாமல் வரும். அக்காவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, நாங்கள் அறியாமல் செய்ததை மன்னியும்" என்றேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அக்காவும் சொன்னார்.

எங்கள் சபைகளில் நற்கருணைக்கு முந்தின நாளே பெயர் கொடுக்க வேண்டும்; மனதில் அறிக்கையிடாத குற்றம் இருப்பவர் கொடுக்கக் கூடாது. சனிக்கிழமை அந்தச் சபையின் உபதேசியார் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைத் தவிர மற்ற பதின்மூன்று பெயர்களும் எழுதியாயிற்று. அண்ணன் என்னைத் தேடி ஹாலின் பின்பக்கம் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காலண்டர் உட்பட.

"தெரிஞ்சு செஞ்சேன்னு நீ சொல்றதால நம்பர் திரும்பி வருமாடா? பேரக் குடுத்துட்டு வா. அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லி இன்னும் நோகடிக்காத."

நான் பெயர் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை எல்லாரும் ஆராதனைக்குப் போனபோது நான் கால்வாய் ஓரம் நடந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அது என்னன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கழுவினேன்."

"எப்படித் தெரியும்?"

"எங்க வீட்லயும் அப்படித்தான். நாந்தான் எழுதுவேன்."

கத்தி நின்றது. "அப்ப நீ நம்ம ஆளா" என்றார். குரல் உயரவே இல்லை. "அந்தப் புள்ளைங்க அழிச்சதுன்னு இருந்தப்ப மனசுக்கு ஒண்ணுமில்ல. அதுங்களுக்கு என்ன தெரியும்."

மன்னிப்புக் கேட்டேன். மிச்சக் கிழங்கையும் உரித்து முடித்தார். உள்ளே போய் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து நீட்டினார்.

"உன் நம்பர எழுது."

வெள்ளைச் சுவரில், பூ இருந்த உயரத்தில் எழுதினேன். என்ன படம் போட என்று கேட்டேன். வேண்டாம், வேற நம்பர் ஒண்ணும் இல்லையே என்றார்.

பூ நம்பரில், அண்ணன் எடுத்த படத்தில் தெரிந்த எண்களோடு நான்கு எண்களை மாற்றி மாற்றிச் சேர்த்தால் பத்தாயிரம் நம்பர். நாளுக்கு நாற்பது நம்பரைப் போனில் சேமித்து, ஒவ்வொன்றாக வாட்ஸாப்பில் படம் பார்க்கிறேன். அரபு உடையில் ஆண்கள், குழந்தைகள், கார்கள், மசூதிகள். பாதிக்கு மேல் படமே இல்லை. படம் இல்லாதவர்களுக்கு, உங்கள் அம்மா மட்டாஞ்சேரியில் இருக்கிறாரா என்று எழுதி அனுப்புகிறேன். சிலர் திட்டுகிறார்கள். ஒரு முறை வாட்ஸாப் என் நம்பரையே சில நாள் முடக்கிவிட்டது. மஸ்கட் தெரிந்த சபையார் ஒருவரிடம் தூதரகத்துக்கு எழுதித் தரச் சொன்னேன். வீட்டு முகவரி இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார்.

ஊர் திரும்பிய பிறகு சங்கத்துக்குப் போகிறேன், ஜெபம் செய்யச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுகிறேன். சபைப் பத்திரிகையில் இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன.

வெள்ளிக்கிழமைகளில் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வரும். ஒவ்வொரு வாரமும் வேறு நம்பர், அக்கா யாரிடமாவது கேட்டு அழுத்தச் சொல்லியிருப்பார். பின்னால் படகின் இரைச்சலோ ஷெட்டின் தண்ணீர்ச் சத்தமோ கேட்கும். நலம் விசாரிப்பதில்லை.

"கிட்டியா?"

"இல்லக்கா. இன்னும் பாக்கறேன்."

"ம்" என்பார். அதோடு வைத்துவிடுவார்.