பேய் வந்தால் சிரிப்பவள்

அமராவதியிடம் ஸ்கூட்டர் பழகிய பெண்கள் இலுப்பூரில் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பார்கள். "அமராவதி அக்காவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று அத்தனை பேரும் அடித்துச் சொல்வார்கள். எதிரே லாரி வந்தாலும் பின்னால் உட்கார்ந்து கலகலவென்று சிரிப்பாளாம், அந்தச் சிரிப்பைக் கேட்டாலே ஓட்டுகிறவளுக்குத் தைரியம் வந்துவிடுமாம். சுத்தப் பேத்தல். அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. பயம் வந்தால்தான் அவளுக்கு அப்படிச் சிரிப்பு வரும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளோடு சேர்ந்து கண்மாயில் விழப் பார்த்தவள் நான். என் பெயர் ஷர்லி. பிறந்தது ஆவூர், இலுப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ்ஸுக்கு நின்று நின்று கால் ஓய்ந்துபோய் நானும் வண்டி பழகப் போனேன். கண்மாய்க் கரை ரோட்டில் பிரேக்கைப் பிடிப்பதாக நினைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டேன். வண்டி தண்ணீரைப் பார்த்துப் பாய்ந்தது. நான் "மாதாவே, மாதாவே!" என்று அலறுகிறேன், பின்னால் இவள் ஹிஹிஹி என்று சிரிக்கிறாள். நல்லவேளை, ஒரு கருவேலம் புதர் குறுக்கே வந்து எங்களைக் காப்பாற்றியது.

"உசுரு போகப் பாத்துச்சு, என்ன இளிப்பு வேண்டிக் கெடக்கு ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே எழுவதற்கு அவள் கையைப் பிடித்தேன். கை ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. 

"பயந்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும் டீச்சர்," என்றாள், இன்னும் சிரிப்பு அடங்காமல். "சின்னப் புள்ளையில இருந்தே இப்பிடித்தான். அடக்குனா கூட வரும். பரீட்சை ஹால்ல சிரிச்சு வெளிய அனுப்பிட்டாங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு வாய மூட முடியல. கலகலப்பான புள்ளன்னு சொல்லிக் கட்டிக்கிட்டாங்க."

இப்படிப்பட்டவளுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். ஆனால் நிஜமான பேய்ப்படத்துக்குப் போக முடியாது. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கும்போது இவள் ஒருத்தி மட்டும் சிரித்தால் சும்மா விடுவார்களா? ஒரு தடவை பின்வரிசைக்காரன் செல்போன் லைட்டை இவள் முகத்திலேயே அடித்து, "பேய் இங்கிட்டு இருக்குடா" என்று கத்தினானாம். அதிலிருந்து, பேயும் காமெடியும் கலந்து வரும் படங்களுக்கு மட்டும்தான் போவாள். அங்கே எப்போது சிரித்தாலும் யாரும் கேட்பதில்லை. "மனசு விட்டுப் பயப்படலாம் டீச்சர்," என்பாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போவாள். நானும் எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், அவளை வேடிக்கை பார்த்ததில் பாதிப் படத்தின் கதை எனக்குத் தெரியாது. பேய் கதவைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். காமெடியன் வந்ததும் அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பது போல அமைதியாகிவிடுவாள்.

இந்தச் சிரிப்பு அவள் குடும்பத்தைப் பிரித்த கதையையும் சொல்ல வேண்டும்.

அவளுடைய மாமனார் பெரியகருப்பனுக்கு மருமகள் என்றால் அப்படி ஒரு பெருமை. ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "என் ஆத்தா வண்டியில வாரேன், எவனும் வழியில நிக்காதீங்க" என்று சந்தை வரைக்கும் பின்னால் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டே வருவார். போன வருஷம் ஒரு காலையில் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். டீ கொண்டுபோன அமராவதிதான் முதலில் பார்த்தாள். அவருடைய மகள், அமராவதியின் நாத்தனார் ரஞ்சிதா, தலைவிரி கோலமாகத் தெருமுனையிலிருந்து ஓடி வந்தபோது வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் இவள். வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. மாரடித்து அழுத பெண்களுக்கு நடுவிலும் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. யாரோ கையைப் பிடித்து இழுத்துக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

அன்றைக்குப் பேச்சை நிறுத்திய ரஞ்சிதா பிறகு பேசவே இல்லை. ரஞ்சிதா எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சத்துணவு அமைப்பாளர். குரல் கொடுத்தால் சமையல் கூடமே நடுங்கும், ஆனால் பிள்ளைகள் தட்டில் முட்டை சின்னதாக இருந்தால் கண் கலங்குகிற ஜாதி. அவளிடம் நான் எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னேன்.

"பயந்தா அழுவாங்க டீச்சர். எந்த ஊர்ல சிரிப்பாங்க?" என்றாள். "நீங்க கணக்குச் சொல்லிக் குடுங்க, கதை சொல்லாதீங்க. எங்கப்பா பொணத்தப் பாத்துச் சிரிச்சவ அவ."

அவர் இறந்து வருஷம் திரும்பியது. முதல் தெவசத்துக்கு அமராவதி வந்தால் தான் வரமாட்டேன் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள் ரஞ்சிதா. தம்பி ஆத்மநாதன் பாவம், அக்காவையும் விட முடியாது, பெண்டாட்டியையும் விட முடியாது. தயங்கித் தயங்கி, "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வாறியா?" என்று கேட்டான். அமராவதி சிரித்தாள். அது என்ன சிரிப்பு என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாதா? தெவசத்துக்குள் இதை முடித்துவைக்காவிட்டால் நான் டீச்சரே இல்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சொல்லி நம்பாதவளுக்குக் காட்டத்தானே வேண்டும்? ரஞ்சிதாவுக்கும் பேய்ப்படப் பைத்தியம் உண்டு என்பது எனக்குத் தெரியும். படத்துக்குக் கூப்பிட்டேன். "வெறும் பேயின்னா தூக்கம் வராது, வெறும் காமெடின்னா டிவியிலயே வந்துரும். ரெண்டும் கலந்திருந்தா வாரேன்" என்றாள். என் வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு மத்தியானக் காட்சிக்குக் கிளம்பினேன். அமராவதியிடம், லைட்டை அணைத்த பிறகு உள்ளே வந்து, ரஞ்சிதாவுக்கு அடுத்த காலி சீட்டில் உட்காரச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டபோதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படம் ஒரு கல்யாண மண்டபத்துப் பேயைப் பற்றியது. கல்யாணத்தன்றே செத்துப்போன மணப்பெண், சமைக்க வந்த கோஷ்டியை ஆட்டிவைக்கிறாள். அண்டா மூடி தானாக நகர்ந்தது. உள்ளேயிருந்து மருதாணி வைத்த ஒரு கை மெல்ல வெளியே வந்தது. தியேட்டரே "ஆ!" என்றது. ரஞ்சிதாவுக்கு வலது பக்கத்திலிருந்து மட்டும் ஹிஹிஹி என்று சிரிப்பு கிளம்பியது.

ரஞ்சிதா விறைத்துப்போனாள். அந்தச் சிரிப்பை அவள் மறந்திருப்பாளா?

"டீச்சர், இது ஒங்க வேலையா?" என்று பல்லைக் கடித்தாள். "நான் கெளம்புறேன்."

எழுந்தும்விட்டாள். நான் இந்தப் பக்கம் சேலையைப் பிடித்து இழுக்கிறேன், பின்னால் இருப்பவர்கள் "உக்காருங்க" என்று கத்துகிறார்கள். அந்த நேரம் பார்த்துப் பேய் அண்டாவைவிட்டுத் திரை முழுக்கத் தலையை நீட்டியது. "அய்யோ ஆத்தாடி!" என்று அலறி ரஞ்சிதா சீட்டில் விழுந்து, கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிடைத்தது அமராவதியின் கை.

பேய் கரண்டியால் சாம்பாரை எடுத்து ருசி பார்த்து, "உப்பு பத்தலையே" என்றது. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பொய் சொல்வானேன். அமராவதி சிரிக்கவில்லை. மூச்சு வாங்க, சத்தமில்லாமல் முகத்தைத் துடைத்தாள். ரஞ்சிதா பிடித்த கையை விடவில்லை. திரையைப் பார்க்கவும் இல்லை, அந்தக் கையையே குனிந்து பார்த்தாள்.

மறுபடி ஸ்டோர் ரூம் இருட்டில் கொலுசுச் சத்தம். அமராவதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கை ஏன்டி இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள் ரஞ்சிதா. அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"பயமா இருக்கு அண்ணி," என்று சிரித்தாள் அமராவதி.

ரஞ்சிதா அந்தக் கையைத் தன் இன்னொரு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?" என்றாள்.

"ஆமா அண்ணி. மாமாவை எழுப்பலாம்னு கையப் புடிச்சேன். என் கைய விடச் சில்லுன்னு இருந்துச்சு."

திரையில் பேய்க்கும் சமையல்காரருக்கும் ரசத்தில் பெருங்காயம் போடுவது பற்றிப் பெரிய சண்டை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, ரஞ்சிதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பின்வரிசையில் ஒருவர், "பேய் வந்தா ஒருத்தி சிரிக்கிறா, காமெடிக்கு ஒருத்தி அழுவுறா. இவங்க எந்தப் படத்துக்கு வந்தாங்க?" என்று அலுத்துக்கொண்டார். "ஒங்க வேலையப் பாத்துக்கிட்டு படத்தப் பாருங்கய்யா" என்று திரும்பி அவரை ஒரு அதட்டு அதட்டியது நான் இல்லை, ரஞ்சிதா. அழுகைக்கு நடுவிலும் சத்துணவுக் கூடத்துக் குரல் அப்படியே வந்தது. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது.

படம் முடிந்து வெளியே வந்ததும் ரஞ்சிதா முகத்தைக் கழுவிக்கொண்டாள். "தெவசத்துக்கு நீதான் படையல் போடணும்," என்றாள் அமராவதியிடம். "சிரிப்பு வந்தா சிரி. எவளாச்சும் ஏன்னு கேக்கட்டும், நான் பாத்துக்கிறேன்." பிறகு என் வண்டியில் இருந்த தன் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அமராவதியின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்து வந்த இடம். நான் பின்னாலேயே தொடர்ந்தேன்.

அன்னவாசல் தாண்டியதும் ஒரு வளைவு. எதிரே ஒரு பஸ், மாட்டு வண்டியை முந்திக்கொண்டு பாதி ரோட்டை அடைத்தபடி வந்தது. முன்னால் போன வண்டியிலிருந்து ஹிஹிஹி என்று சிரிப்புச் சத்தம் கேட்டது. இலுப்பூர்ப் பெண்கள் தைரியம் என்று சத்தியம் செய்யும் அதே சிரிப்பு. அடுத்த நொடி, பஸ் ஹாரனையும் மீறி ரஞ்சிதாவின் அலறல்.

"அய்யய்யோ, சிரிக்கிறாளே! டீச்சர், இவ சிரிக்கிறாளே! ஏய், வண்டிய நிறுத்துடி!"