பந்தியில் ஒரு காலி இலை

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் தரம் பார்க்கிற வேலை, மீட்டர் காட்டாத எதையும் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனால் போன புரட்டாசியில் நடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, நானே பாதிதான் நம்புகிறேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நைனா, அதாவது அப்பா, அவர் பக்கத்திலிருந்து மண் போட என்னைத் தவிர ஒருவரும் இல்லை. நைனாவின் தாத்தா பஞ்சத்தில் மிஷன் விடுதிக்கு வந்து சேர்ந்த பிள்ளை, அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. வேலூரில் தன் இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரத்த சொந்தம்னு ஒருத்தனாவது கீறானான்னு பாத்து சொல்லுடா. அப்புறம் கத்தி வெக்கட்டும்."

லீவு போட்டுவிட்டு சபை சபையாகப் போய் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினேன். முன்னோரைத் தேடு என்றால் எங்கள் கிறிஸ்தவ ஜனத்துக்கு அதைத் தாண்டி யோசிக்கத் தெரியாது. கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு சர்ச்சில் ஒருவழியாகக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது. தாய் தகப்பன் தெரியாது, ஊர் தெரியாது, அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்ல பகல் வெளிச்சம். எதிர் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், இருபது வயதுகூட இராது, நெற்றி நிறையக் குங்குமம். எப்போது வந்தாள் என்று கவனிக்கவில்லை.

"இங்க என்னா தம்பி தேடிக்கினு கீற? நான்தான் கிறிஸ்து வேதத்துல சேரலியே."

ஐம்பது வயதுக்காரனைத் தம்பி என்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் புண்ணு ஆறிடுச்சா?"

எனக்குப் புண்ணும் இல்லை ஒன்றும் இல்லை. ஆளை அனுப்பினால் போதும் என்று "ஆறிடுச்சும்மா, போ" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்ப அமாவாசைக்கு வா. கார்வேட்டிநகரம், ஏரிக்கரைத் தெரு, கடைசி ஊடு. எலை போட்டு வெச்சிருப்பாங்க."

பதிவேட்டை மூடிவிட்டு நிமிர்ந்தால் ஆள் இல்லை. இருப்பது ஒரே வாசல், அங்கே உட்கார்ந்திருந்த சபை எழுத்தரைக் கேட்டேன். "எவரூ ராலேது சார்" என்றார். யாருமே வரவில்லையாம்.

நைனாவிடம் இதைச் சொன்னது என் தப்பு. அமாவாசையன்று எனக்கு முன்னால் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். கார் பிடித்துப் போனோம். கடைசி வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது, ஒரே ஒரு இலைக்கு முன்னால் ஆள் இல்லை. அது யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்காரர் விவசாயி, நைனா வயதுதான்.

"எங்க நைனாவோட அம்மா வெச்ச வழக்கம். பஞ்சத்துல அவங்க தம்பிக்கு எடது கால் அழுகிப்போயி, மிஷன் ஆஸ்பத்திரில உட்டுட்டு வந்தாங்க. திரும்பிப் போறதுக்குள்ள பசங்கள வேற ஊருக்கு இட்டுக்கினு பூட்டாங்களாம். அவன செத்தவங்களோட சேத்து படையல் போடாதீங்க, துன்றவங்க பந்திலயே எலை போடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

நைனா மெதுவாக வாயைத் திறந்தார். "எங்க தாத்தா எடது கால இழுத்துக்கினுதான் நடப்பாரு."

வீட்டுக்காரர் நைனாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த இலைக்கு முன்னால் உட்காரவைத்தார். நைனா அழுதுகொண்டே துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கார்வேட்டிநகரத்து ஜனம் நிறைந்துபோய் நர்ஸ் எங்களை ஒரு பிடி பிடித்தாள். நைனா இப்போது அந்த வீட்டுக்குப் போனால் ஏரிக்கரை வரை தனியாக நடக்கிறார்.

எல்லாம் நல்லபடிதான் முடிந்தது. தம்பியை விட்டுவிட்டு வந்தபோது அந்த அக்காவுக்கு என்ன வயது என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தொலைத்தேன். "இருவதுகூட ஆவல" என்றார். என் இடது கால் சில்லிட்டுப்போயிற்று. அந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை காலம் அலைந்தாளோ, நான் யாருக்காகப் பதில் சொல்கிறேன் என்று தெரியாமலே ஆறிடுச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.